கிண்ணத்தில் நீர் நில்லாவிடில்

மலசலகூடத்தில் நீரை இழுத்துவிட்டபின் கிண்ணத்தடியில் நீர் குறைந்து நாற்றம் வீசுகிறதென மாவடிப்பள்ளி வாசகி ஒருவர் எழுதுகிறார். அந்நீர்தான் குழியின் கெட்ட காற்றை வீட்டினுள் விடாத காவல். 1775-இல் அலெக்சாந்தர் கமிங் உரிமை பெற்ற வளைகுழாயின் பயனும் இதுவே.

முதலில் ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். மட்டம் நிலைத்தால் கிண்ணம் பழுதன்று. தாங்கி நீர் போதவில்லை, மிதவையைச் சற்று உயர்த்துக. சில மணியில் வற்றினால் வெடிப்பிருக்கலாம். வளைவில் சிக்கிய துணித்துண்டும் நீரை உறிஞ்சிவிடும். இழுத்ததும் களகளவென்று முழுதும் போய்விடுகிறதா? காற்றுக்குழாயின் வாயைப் பாருங்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கக்கூடும்.

மாரியில் வயல்வெள்ளம் குழியுள் ஏறினால் நீர் குறையாது, மேலெழும். அது வேறு நோய். வெள்ளம் வடியுமட்டும் வாளியைத் தொடாதீர்கள்.