பெட்டி கொஞ்சம் லேட்டா வரட்டும்

இன்ஜினியரிங் காலேஜ்ல ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு அடிக்கடி வர்ற தலைப்பு 'பாலிப் டிடெக்‌ஷன்'. நார்வேயில இருந்து வந்த குவாசிர்-செக் டேட்டாசெட்டை இறக்கினா 1,000 படம் கிடைக்கும். யூ-நெட் ஓட்டி, ஸ்கோரை பிபிடியில போட்டா ரிவ்யூ முடிஞ்சது. ஆனா அந்த ஸ்கோர் பதில் சொல்லாத கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த மாடலை வெச்சே தொழில் பழகுற டாக்டர், மாடல் இல்லாத நாள்ல எப்படிப் பார்ப்பார்?

கொலோனோஸ்கோபின்னா, கேமரா வெச்ச வளையும் குழாயை ஆசனவாய் வழியா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கறது. உள்ளே இருக்கிற சின்னச் சதை வளர்ச்சிதான் பாலிப். அதுல அடினோமாங்கற வகை, பல வருஷங்கள்ல புற்றுநோயா மாறலாம். முன்னாடியே பார்த்து வெட்டிட்டா ஆபத்து குறையும். ஒரு டாக்டர் அடினோமா கண்டுபிடிக்கிற விகிதம் 1 சதவீதம் கூடினா, அவர்கிட்ட வந்தவங்களுக்குப் பின்னாடி புற்றுநோய் வர்ற வாய்ப்பு 3 சதவீதம் குறையுதுன்னு 2014-ல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டுச்சு.

ஏ.ஐ. என்ன பண்ணுதுன்னா, ஓடுற வீடியோவுல பாலிப் மாதிரி தெரியற இடத்துல ஒரு பெட்டி போட்டுக் காட்டும். ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு இதைப் பயிற்சி டாக்டர்கள் 22 பேரை வெச்சு, 766 நோயாளிகள்கிட்ட சோதிச்சுது. பெட்டி இல்லாம 44.5 சதவீதம் பேர்கிட்ட அடினோமா கிடைச்சுது, பெட்டியோட 57.5 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான்.

இப்போ போலந்துக்கு வாங்க. 2025-ல் லான்செட் குழும இதழ் ஒண்ணுல வந்த ஆய்வு. நாலு மையங்கள், 19 டாக்டர்கள், எல்லாரும் அனுபவசாலிகள். ஏ.ஐ. வர்றதுக்கு முன்னாடி இவங்க கண்டுபிடிப்பு விகிதம் 28.4 சதவீதம். ஏ.ஐ. வந்து மூணு மாசத்துல, அது இல்லாம செஞ்ச பரிசோதனைகள்ல 22.4 சதவீதமா இறங்கிடுச்சு. இந்த இறக்கத்துக்கு வேற காரணங்களும் இருக்கலாம், இதை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனா ஆயிரக்கணக்குல செஞ்ச கைக்கே இந்த நிலைமைன்னா, புதுசா கத்துக்கிற கண்ணுக்கு?

ரெண்டு ஆய்வும் முரண்படலை. ஹாங்காங்ல பெட்டி இருக்கும்போது அளந்தாங்க, போலந்துல பெட்டியை எடுத்துட்டு அளந்தாங்க. நம்ம ரிவ்யூல இந்த ரெண்டாவது அளவை யாருமே கேட்கறதில்லை.

திருப்பூர்ல துணி செக்கிங் பார்த்திருப்பீங்க. கீழே லைட் எரிய, மேலே துணி ஓடும். புதுசா சேர்ந்தவருக்கு ஒவ்வொரு ஓட்டையையும் பக்கத்துல நிக்கிறவரே தொட்டுக் காட்டிட்டு இருந்தா, அவர் கண்ணு துணிமேல இருக்காது, அந்த விரல்மேலதான் இருக்கும்.

"அதுக்காக ஏ.ஐ.யை ஆஃப் பண்ணிப் பழகுன்னு சொல்றியா? படுத்திருக்கிறது நோயாளியாச்சே?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். தாராபுரத்துல இருந்து பேதி மருந்து குடிச்சுட்டு, கோயம்புத்தூருக்கு சுமார் 80 கிலோமீட்டர் போய்ப் படுக்கிற ஒருத்தர், யாரோட பயிற்சிக்காகவும் ஒரு பாலிப்பை இழக்கக் கூடாது.

அதனால நான் கேட்கறது ஆஃப் இல்லை, தாமதம். மாடல் பின்னாடி ஓடிட்டே இருக்கட்டும். பயிற்சி டாக்டருக்கு முதல்ல ரெண்டு மூணு செகண்ட் கொடுக்கட்டும். அவர் பார்த்துட்டார்னா பெடலை அழுத்தட்டும். பார்க்கலைன்னா, கேமரா அந்த இடத்தைத் தாண்டறதுக்குள்ள பெட்டி வந்துடணும். யார் முதல்ல பார்த்தாங்கன்னு பதிவாகட்டும். மாசக் கடைசியில எந்த மாதிரி பாலிப்பை விடறோம்னு அவருக்கே தெரியும், சொல்லிக் கொடுக்கிற சீனியருக்கும் தெரியும்.

இன்னொண்ணு. குடல் மடிப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற பாலிப் கேமராவுலயே வராது. வராத படத்துல எந்த மாடலும் பெட்டி போட முடியாது. மடிப்பை விலக்கி, அவசரப்படாம குழாயை வெளியே இழுக்கிறது கையோட வேலை. நிதானமா பார்க்கக் குறைஞ்சது 6 நிமிஷம்ங்கறது பழைய விதி. பெட்டி வரலைங்கறதுக்காக "ஒண்ணுமில்லை"ன்னு வேகமா இழுத்துட்டா, அந்த 6 நிமிஷமும் போச்சு.

தாமதப் பெட்டிக்குப் புது மாடல் தேவையில்லை. ஒரு டைமர், ஒரு பெடல், ஒரு லாக் ஃபைல். நம்ம லேப்லயே பதிவு செஞ்ச வீடியோவை வெச்சு ஒரு செமஸ்டர்ல செஞ்சு பார்க்கலாம். அடுத்த ரிவ்யூல அக்யூரசி ஸ்லைடுக்குப் பக்கத்துல இன்னொரு ஸ்லைடு வரட்டும்: பெட்டியை எடுத்த பிறகு அந்த டாக்டர் எத்தனை கண்டுபிடிச்சார்? அது ஏறலைன்னா, நம்ம மாடல் அவருக்கு எதையும் சொல்லிக் கொடுக்கலைன்னு அர்த்தம்.