பழைய மரமும் இழைப்புளியும்

பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்குக்கு இந்நாளில் நல்ல கிராக்கி. செட்டிநாட்டு மாளிகைகளுக்கென்று பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மரம், இன்று காரைக்குடியின் பழஞ்சாமான் கடைகளில் தூணாகவும் கதவாகவும் நிற்கிறது. அதை வாங்கி வருகிறவர்களில் பலர் முதற்காரியமாகத் தச்சரை அழைத்து, "நன்றாக இழைத்துப் புதிது போலாக்கி விடுங்கள்" என்கிறார்கள். புதிதுதான் வேண்டுமென்றால் பழையதைத் தேடிப் போவானேன்?

வெயிலும் புகையும் மனிதர் கைபட்டதுமாகச் சேர்ந்து மரத்தின்மேல் படிந்த நிறம் மிக மெல்லிய ஏடு. இழைப்புளி நாலு தரம் ஓடினால் அது சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும். பிறகு எந்த வார்னிஷும் அதைத் திருப்பித் தராது. அதற்காகக் குழந்தைகளின் கையில் சிராம்பு ஏறும்படி விடுவதும் தகாது. ஆகவே, கைபடும் இடத்தை வழவழப்பாக்கி, கண்மட்டும் படும் இடத்தை அப்படியே விடுவதுதான் முறை.

முதலில் காந்தத்தால் தடவி, உள்ளே ஒளிந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அடுத்தபடியாகப் பழைய வர்ணத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி, நம் நாட்டில் 2017-ஆம் வருஷம் நவம்பரில்தான் அமுலுக்கு வந்தது. முந்திய வர்ணத்தை உலர்ந்தபடியே தேய்த்தால், அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக் கூடும். நனைத்துச் சுரண்டுவதும், முகமூடி அணிவதும், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விலக்கி வைப்பதும் அவசியம்.

மரம் உலர்ந்தபின், மிருதுவான பித்தளைக் கம்பித் தூரிகையால் ரேகை ஓடும் திக்கிலேயே தேய்த்தால் அழுக்கும் உளுத்த நாரும் உதிரும். பிறகு 120-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, விளிம்புகளையும் கைபடும் பரப்பையும் மட்டும் தேய்க்க வேண்டும். 180-ஆம் நம்பரோடு நிறுத்திக்கொள்ளலாம். உளித் தடமும் ஆணித் துளையும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிவது ஆபத்து. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்குப் புறங்கையே அளவுகோல். மரத்தின்மீது அதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கும் தைக்காமல் ஓடினால் வேலை முடிந்தது. அதற்குமேல் தேய்ப்பதெல்லாம் நஷ்டமே.