நகரத்துக்குக் குடிநீர்க் கிணறு... கரையோரக் கிணறு வற்றுமா?

''பெரிய காஞ்சிபுரத்தின் குடிநீருக்காகப் பாலாற்றில் கூடுதல் கிணறுகள் அமைத்தால், கரையோர விவசாயக் கிணறுகள் வற்றிவிடுமா? எத்தனை கிணறு தேவை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?''

- பாலாற்றங்கரை விவசாயி, காஞ்சிபுரம் மாவட்டம்.

காஞ்சிபுரம் நகரத்துக்கு ஓரிக்கை, திருப்பாற்கடல் பகுதிகளில் பாலாற்று மணலுக்கு அடியில் இருந்தும், வேகவதி ஆற்றில் இருந்தும் குடிநீர் எடுக்கப்படுகிறது. மணலுக்குள் ஊறி நிற்கும் நீர்தான் இந்தக் கிணறுகளுக்கு ஆதாரம். கரையோர விவசாயக் கிணறுகளுக்கும் அதே ஊற்றுதான். ஆகவே, கிணறுகளின் எண்ணிக்கையைவிட, எவ்வளவு நீர் இறைக்கப்படுகிறது, எவ்வளவு தூரத்தில் இறைக்கப்படுகிறது என்பதே முக்கியம்.

தேவை: பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்குத் தினமும் 135 லிட்டர் என்பது வழிகாட்டு அளவு. 10,000 பேருக்கு 13.5 லட்சம் லிட்டர். கோயில் நகரம் என்பதால் யாத்ரீகர் கணக்கும் சேர வேண்டும். 2019-ம் ஆண்டு அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாள்களும், சென்னை தண்ணீருக்குத் தவித்த அதே காலகட்டம்தான்.

ஊறல்: ஐப்பசியில் ததும்பும் கிணற்றை நம்பிக் கரும்பு நட்டால், சித்திரையில் பயிர் காயும். நகரத்துக்கும் அதே கணக்குதான். கோடையில் தொடர்ந்து இறைத்துப் பார்த்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எத்தனை மணி நேரத்தில் மீண்டும் ஊறுகிறது என்று சோதிக்க வேண்டும். அந்தக் கோடை அளவுதான் கிணற்றின் உண்மையான கொள்ளளவு.

மாற்று ஏற்பாடு: தினமும் 10 லட்சம் லிட்டர் தேவை, ஒரு கிணறு 5 லட்சம் லிட்டர் தரும் என்றால், இரண்டு கிணறு போதாது, மூன்று வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் ஈடுகட்டும். உபரி மோட்டார், ஜெனரேட்டர், மேல்நிலைத் தொட்டி ஆகியவையும் அவசியம். ஆனால், இவை பழுதுக்குத்தான் தீர்வு, வறட்சிக்கு அல்ல. வேகவதியும் பாலாற்றின் துணை ஆறுதான். மழை பொய்த்தால் எல்லாக் கிணறுகளும் சேர்ந்தே இறங்கும். சென்னைக்கு 2010-ல் மீஞ்சூரிலும், 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. அப்படியும் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. கடலோரம் இல்லாத காஞ்சிபுரத்துக்கு ஏரிகளும், சர்வதீர்த்தம் போன்ற குளங்களும், ஆற்று மணலும்தான் சேமிப்பு. மணல் போனால், நீர் தங்க இடமில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியது: மாதம் ஒருமுறை, மோட்டார் ஓட்டுவதற்கு முன், தரைமட்டத்தில் இருந்து நீர்மட்டம் வரை கயிறுவிட்டு அளந்து, தேதியுடன் நோட்டில் எழுதி வையுங்கள். புதிய கிணறு வரும் முன்பே ஒரு கோடை, ஒரு மழைக்கால அளவு கையில் இருக்க வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராமசபையில், இறைப்புச் சோதனை எந்த மாதம் நடந்தது, தினமும் எத்தனை மணி நேரம் இறைப்பார்கள், தடுப்பணை போன்ற நீர் செறிவூட்டும் பணி திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். 'கிணறு வற்றிவிட்டது' என்ற புகாரைவிட, 'போன சித்திரையில் 22 அடி, இந்தச் சித்திரையில் 31 அடி' என்று காட்டும் நோட்டுக்குத்தான் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.