இறக்கி வைக்க ஓர் இடம்

அன்றாட வாழ்வில் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் சிறு உதவிகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது உடனே மனத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஈர நெஞ்சம் உள்ளவர் உதவுகிறார், இல்லாதவர் ஒதுங்கிப் போகிறார் என்றும், நாளுக்கு நாள் அந்த ஈரம் வற்றிவருகிறது என்றும் எளிதில் முடிவு கட்டப்படுகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாதி உண்மைதான். சிறு உதவி நிகழ்வதற்கு நல்ல மனத்தோடுகூட, நிற்க ஓர் இடமும், ஒதுக்கச் சற்று நேரமும், எதிரே இருப்பவரின் தேவை கண்ணில் படும் நெருக்கமும் வேண்டும். இவற்றைத் தனிமனிதர் தாமாகவே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சமூகம்தான் அமைத்துத் தர வேண்டும். பழைய தமிழ்ச் சமூகம் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தது என்பதற்குக் கல்லாலான சான்று ஒன்று சாலையோரங்களில் இன்றும் நிற்கிறது.

சுமைதாங்கி என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு மிக எளிமையானது. இரண்டு கற்களைச் சற்று இடைவெளிவிட்டு நிறுத்தி, அவற்றின் மேல் நீண்ட கல் ஒன்றைக் குறுக்காகக் கிடத்தினால் சுமைதாங்கி ஆகிவிடும். வண்டிப் போக்குவரத்து அரிதாக இருந்த காலத்தில் நெல் மூட்டை, விறகுக் கட்டு, மோர்ப் பானை, உப்புக் கூடை என அனைத்தும் தலைச்சுமையாகவே ஊர்விட்டு ஊர் சென்றன. துணியை வளையமாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொள்ளும் சும்மாடு உச்சந்தலையைக் காத்ததே தவிர, கழுத்தையும் முதுகையும் காக்கவில்லை. ஆகவே சந்தைக்குப் போகும் வழியிலும், ஊர் எல்லையிலும், குளக்கரையிலும் சுமையை இறக்கி இளைப்பாற இந்தக் கற்கள் நடப்பட்டன.

இவற்றின் நுட்பம் உயரத்தில் இருக்கிறது. ஓய்வெடுப்பது மட்டுமே தேவை என்றால் சுமையைத் தரையிலேயே வைத்துவிடலாம். ஆனால் கனத்த சுமையைத் தரையில் வைத்தவர் அதைத் தனியாளாக மீண்டும் தலைக்கு ஏற்ற முடியாது. கைகொடுத்துத் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத நெடுவழியில் அந்த இன்னொருவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? சுமைதாங்கியின் குறுக்குக்கல் ஏறத்தாழ ஆளின் தோளுயரத்தில் இருப்பதால், வருபவர் சற்றே குனிந்து சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, களைப்பாறியபின் அந்தச் சுமைக்கு அடியில் தலையைக் கொடுத்து, யார் துணையுமின்றி அதை மீண்டும் ஏற்றிக்கொள்ள முடிந்தது. உதவ ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆளின் வேலையைக் கல்லே செய்தது. முன்பின் அறியாத ஒருவர், என்றோ ஒரு நாள், எந்த இடத்தில் கழுத்து வலித்து நிற்பார் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த கருணை இது.

இவற்றை நட்டவர்களில் எளிய குடும்பத்தினரும் உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு, பேறுகாலத்திற்கு முன்போ பேற்றின்போதோ இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போன அவளுடைய உயிர், வழிப்போக்கர் தம் சுமையை இறக்கி வைக்கும்போதெல்லாம் ஆறுதல் அடையும் என்பது நம்பிக்கை. அவளுடைய பெயரைக் கல்லில் பொறித்திருப்பதும் உண்டு. முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் ஈந்த வள்ளல்களை இலக்கியம் நினைவில் வைத்திருக்கிறது. மகளைப் பறிகொடுத்த ஓர் உழவர் வீடு தன் துயரத்தை முகம் தெரியாதவர்களின் கழுத்து வலிக்கு மருந்தாக்கியதை நினைவில் வைத்திருப்பது இந்தக் கல் மட்டுமே. ஈகையின் வரலாறு எழுதப்படும்போது இரண்டாவதற்கே முதலிடம் தர வேண்டும்.

சுமைதாங்கி தனித்து நின்றதும் இல்லை. யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் மடம், கிணறு, கேணி, சுமைதாங்கி, கால்நடைகள் உடலை உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல் ஆகியவை ஒன்றையொன்று அடுத்து அமைந்திருந்தன. பருத்தித்துறையில் தெருவையே உள்ளடக்கி, வழிப்போக்கர் அதனூடாகவே நடந்து செல்லும்படி கட்டப்பட்ட தெருமூடி மடம் புகழ்பெற்றது. தமிழ் மரபு தொகுத்துத் தரும் முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலைப் பார்த்தாலும், அதில் மடமும் குளமும் சோலையும் இருக்கும் அதே வரிசையில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தருவதும், தலைக்கு எண்ணெய் தருவதும், முகம் பார்க்கக் கண்ணாடி தருவதும் சம மதிப்போடு இடம்பெறுகின்றன. அறத்தில் பெரிது சிறிது என்ற வேறுபாட்டை அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்கள் ஏற்கவில்லை.

எனினும் இந்தப் பழமையை மாசற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. மடத்தில் தங்குவதற்கும், பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதற்கும், திண்ணையில் அமர்வதற்கும் சாதி குறுக்கே நின்றது. சில தெருக்களில் நடப்பதற்கே சிலருக்கு உரிமை இருக்கவில்லை. வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளை முறை, கொடுக்கும் தேநீரையே அவமதிப்பாக்கிய கொடுமை. தன்னவர் என்ற வட்டத்துக்குள் சுழலும் பரிவை அன்பு என்று அழைப்பதற்குத் தயங்கத்தான் வேண்டும். பழைய அமைப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றின் பின்னிருந்த எண்ணமே தவிர, அவற்றைச் சூழ்ந்திருந்த வேலிகள் அல்ல.

இடமும் நேரமும் மனத்தைவிட வலியவை என்பதை நவீன உளவியலும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் நடத்தி, 1973-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் பெயர்பெற்றது. கிறித்தவச் சமயப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள் உரையாற்றுவதற்காக வேறொரு கட்டடத்துக்கு ஒருவர்பின் ஒருவராக அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் சுருண்டு சரிந்து இருமிக்கொண்டிருக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ முன்வந்தனர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றித்தான் அவர்களில் ஒரு பகுதியினர் உரையாற்றப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதும், அந்தத் தலைப்புகூட முடிவைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றவில்லை என்பதும் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. பத்து நிமிடத்தில் பொருளைச் சேர்க்க வேண்டும் என்ற கெடுவோடு இளைஞர்களைச் சாலையில் ஓடவிடும் ஒரு நகரம், விழுந்து கிடப்பவரை யாரும் தூக்கவில்லையே என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இல்லை.

இடம் அமைந்தால் பரிவு தானாக வெளிப்படுவதை நகரப் பேருந்தின் நெரிசலில் இன்றும் காணலாம். தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கும் பெண்ணிடம், அமர்ந்திருப்பவர் “பையைக் குடுங்க, வெச்சுக்கறேன்” என்கிறார். பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்வரை அந்தப் பை மடியில் பத்திரமாக இருக்கிறது. கூட்டத்தில் நடத்துநர் நகர முடியாதபோது சில்லறை நான்கைந்து கைகள் மாறி அவரிடம் போய்ச் சேர்ந்து, பயணச்சீட்டும் மீதிக் காசும் அதே கைகள் வழியே திரும்பி வருகின்றன. இவர்கள் வேறு இடங்களில் பிறரைவிட நல்லவர்களாக நடந்துகொள்கிறார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பேருந்தில் அடுத்தவரின் சிரமம் முழங்கைக்கு அருகில் இருக்கிறது; தீர்ப்பதற்கு ஒரு மடி போதுமானதாக இருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

இன்றைய கட்டடங்களும் தெருக்களும் இந்த நெருக்கத்தைத் திட்டமிட்டே அழிக்கின்றன. திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும், அதன்மேல் கண்ணாடிச் சில்லும் வந்துவிட்டன. கடை மூடியபின் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று படிகளில் இரும்பு முனைகள் பதிக்கப்படுகின்றன. பேருந்து நிறுத்தத்தில் விளம்பரப் பலகைக்குக் கிடைக்கும் அகலம் இருக்கைக்குக் கிடைப்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் உணவு கொண்டுவருபவரும் வீட்டு வேலை செய்பவரும் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிப்பு தொங்குகிறது. பத்தாவது மாடிக்கு மாவு மூட்டையைச் சுமந்து ஏறுபவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் தர அந்த வீட்டுக்காரர் விரும்பினாலும், அறிவிப்பை எழுதியவர்கள் செய்த தீங்கை அந்தக் குவளை ஈடுகட்டாது.

பரிவை மட்டும் நம்பியிருக்கக் கூடாத இடங்களும் உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு நாற்காலி தருவது மிகச் சிறிய உதவிதான். ஆனால் தருவதும் மறுப்பதும் முதலாளியின் விருப்பமாக இருந்தவரை பெரும்பாலும் அது கிடைக்கவில்லை. கோழிக்கோட்டுக் கடைத்தெருப் பெண்களின் போராட்டத்தை அடுத்துக் கேரளம் 2018-இலும், தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியும் அமரும் வசதியைச் சட்டப்படி கட்டாயமாக்கின. ஒருவர் மற்றொருவர் மீது அதிகாரம் செலுத்தும் உறவில், கருணை உரிமையாக மாறியபின்பே உறுதிப்படுகிறது. சட்டம் வந்தபின்னும் நாற்காலி போடப்பட்டிருக்கிறதா, அதில் உட்கார்ந்தவர் முறைக்கப்படாமல் இருக்கிறாரா என்பதைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர் கவனித்துக் கேட்பது, எவருக்கும் செலவில்லாத உதவி.

பொதுவெளியில் இளைப்பாற இடம் தருவதற்கான தொடக்கம் ஒன்றும் நிகழ்ந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி 2025-இல், செயலி வழியே வேலை பெற்று உணவும் பொருளும் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்களுக்காக அண்ணாநகரில் குளிர்சாதன ஓய்வறை அமைத்தது. இதைச் சுமைதாங்கியின் நேர் வாரிசாகக் கருதலாம். ஆனால் இத்தகைய அமைப்புகளின் ஆயுள் திறப்பு விழாவைப் பொறுத்ததன்று. கோடையில் கட்சிகளும் அமைப்புகளும் திறக்கும் நீர்மோர்ப் பந்தல்கள் பலவற்றில் முதல் நாள் மோரும் தர்ப்பூசணியும் வழிந்தோட, இரண்டாம் வாரம் காலிப் பானையும் தலைவர் படமும் மட்டுமே மிஞ்சுவதை ஊரே அறியும். சோழர் காலக் கல்வெட்டுகள் இந்த இடத்தில் கூடுதல் அறிவோடு நடந்துகொண்டிருக்கின்றன: தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடை அளித்தவர்கள், தண்ணீர் வார்ப்பவருக்கும் கலம் தரும் குயவருக்கும் ஆண்டுதோறும் கிடைக்க வேண்டிய வருவாய்க்கு நிலம் ஒதுக்கி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தார்கள். சாலையை அகலப்படுத்தும்போது பெயர்க்கப்படும் சுமைதாங்கிகளைப் பதிவு செய்து அருகிலேயே மீண்டும் நடுவதும், ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் கூடை வைக்க இடுப்புயர மேடையும் உட்கார இருக்கையும் கட்டுவதும், குடிநீர்த் தொட்டியை நாள்தோறும் நிரப்புபவரின் ஊதியத்தை உள்ளாட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் தனி இனமாகச் சேர்ப்பதும் எந்த நகராட்சிக்கும் எட்டாத செலவல்ல.