பாழ்பட்ட விமானத் தளங்கள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பொதுக் காரியங்களில் ஊக்கமுள்ள அன்பர்கள் கூடுமிடத்தில், நம் பிரதேசத்துக்கும் ஒரு விமான நிலையம் வேண்டாமா என்ற பேச்சு எழுவதுண்டு. நூல் மில்களும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் உள்ள பிரதேசம் அவ்வாறு ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆயினும் மனுத் தயாரிக்குமுன், ஏற்கெனவே போட்ட தளங்கள் என்ன கதியடைந்தன என்பதை அவர்கள் ஒரு தரம் நேரில் கண்டுவர வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியைக் கடந்து திருநெல்வேலி ரஸ்தாவில் சென்றால் கயத்தாறு. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அவ்வூரில் வண்டியை நிறுத்தி வணங்கிச் செல்வோர் பலர்; இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார் அங்கே போட்ட ஓடுபாதையை எட்டிப் பார்ப்போர் அரியர். செட்டிநாடு, உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களிலும் அக்காலத்தில் இத்தகைய தளங்கள் எழுந்தன. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, நிலம் கிடந்தது. சோழவரத்திலாவது பின்னாளில் மோட்டார் பந்தயம் நடந்தது!

கானடாவின் மேற்குச் சமவெளிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1939 டிசம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அந்நாட்டில் பயிற்சித் தளங்கள் ஏராளமாகக் கட்டப்பட்டு, 1945க்குள் 1,30,000க்கு மேற்பட்ட விமானப் படையினர் தேர்ச்சி பெற்றனர். பிறகு அவற்றில் பல கோதுமை வயல்களிடையே கைவிடப்பட்டன. பிழைத்தவையோ, பயிருக்கு மருந்து தெளிக்கவும், அவசர நோயாளிகளைப் பெரிய நகரங்களுக்குக் கொண்டு செல்லவும், பறக்கக் கற்கவும் அவ்வூரார் உபயோகப்படுத்தியவை.

சிறிய ஊருக்குப் பிரயாணி விமானம் விடுவது எவ்வளவு நிலையற்ற தொழில் என்பதற்குச் சேலமே சாட்சி. 1993இல் திறந்த அந்நிலையத்தில் 2018இல் விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023இல் மீண்டும் வந்தது. வேலூரிலோ உதான் திட்டத்தில் சேர்த்துப் பல வருஷம் வேலை நடந்த பின்னரும் சேவை தொடங்குவது தள்ளிக்கொண்டே போயிற்று. மதுரை இவ்வளவு அருகில் இருக்கையில், ராஜபாளையத்தில் தினந்தோறும் டிக்கெட் வாங்குவோர் எத்தனை பேர்? இக்கேள்விக்கு விடை காணாமல் கேட்கும் விமான நிலையம் கௌரவத்துக்காகக் கேட்பதேயாகும்.

நாம் கேட்க வேண்டியது வேறு. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பற்றியபோது விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் பெய்த பேய்மழையில் ரயில் பாதை அரித்துப்போய், ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகள் சிக்கித் தவித்தபோதும் உணவு ஆகாயமார்க்கமாகவே சென்றது. இத்தகைய சமயங்களில் இறங்கவும், எரிபொருள் நிரப்பவும், மருந்தும் அரிசியும் இறக்கி வைக்கவும் தென் ஜில்லாக்களில் ஒரு தளம் ஆயத்தமாயிருப்பது அவசியம். கயத்தாற்றைச் செப்பனிட்டு அதற்கு வைத்துக்கொள்ளலாகாதா? கோவில்பட்டியருகே ஒரு மில்லின் பழைய ஓடுபாதையில் விமானப் பயிற்சிப் பள்ளி அமைக்க டிட்கோ ஒப்பந்தப்புள்ளி கோரியதை நாம் வரவேற்கிறோம். பாழ்நிலத்துக்கு அதுவும் தக்க உபயோகமே.

பரந்தூரில் 2022 முதல் ஏகனாபுரம் குடியானவர்கள் தங்கள் நிலத்தைக் காக்கப் போராடியிருக்கிறார்கள். சென்னையின் தேவை வேறு, கயத்தாற்றின் நிலை வேறு என்று அதிகாரிகள் சொல்லுவார்கள், உண்மைதான். ஆனால் முன்பு எடுத்த நிலம் என்னவாயிற்று என்று கேட்க அந்தக் குடியானவனுக்கு உரிமை இல்லையா? பழைய தளம் ஒவ்வொன்றின் ஏக்கர் அளவு, இன்றைய உடைமைதாரர், ஆக்கிரமிப்பு, உத்தேச உபயோகம் ஆகியவற்றைச் சர்க்கார் பிரசுரிக்க வேண்டும். உபயோகமில்லாதவற்றை அந்தந்த ஊராரிடமே ஒப்படைக்க வேண்டும். தென் ஜில்லாக்களின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே இக்கேள்வியை எழுப்புவார்களென எதிர்பார்க்கிறோம்.