தாயின் உணவும் பிள்ளையின் இருதயமும்

1944இன் இறுதியில் ஜேர்மன் படைகள் உணவைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. ஆளொருவரின் நாளாந்தப் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அப்போது கருவில் இருந்தவர்களை அம்ஸ்ரடாம் மருத்துவர்கள் அவர்களது ஐம்பதாவது வயதளவில் பரிசோதித்தனர். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய் பட்டினி கிடந்திருந்தால், பிள்ளைக்கு இருதய நாடி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இத்தனைக்கும் பிறந்தபோது அவர்களின் நிறை குறைந்திருக்கவில்லை!

பிறப்பு நிறையை மட்டும் பார்த்துத் திருப்திப்படும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும். கருத்தரித்த நான்காம் வாரத்திலேயே இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. எட்டாம் வாரம் முடியுமுன் நான்கு அறைகளாகிவிடுகிறது. அதற்குள் எத்தனை பெண்கள் கிளினிக்குக்குப் போகிறார்கள்?

எமது நாட்டில் 1973இல் தொடங்கிய திரிபோஷா நல்ல திட்டமே. 2022இல் அது தட்டுப்பட்டபோது தாய்மார் பட்ட பாட்டை அறிவோம். ஆனால் கர்ப்பம் பதிந்த பின்னரே பொதி கைக்கு வருகிறது. வீட்டில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிறது. (அதற்காகத் தாயைக் குறைகூறுவதில் எமக்கு உடன்பாடில்லை.)

ஆகவே எமது மாதர் சங்கங்கள் கர்ப்பிணிகளுடன் நின்றுவிடாது, புதிதாக மணமுடித்தவளின் சாப்பாட்டுக் கோப்பையையும் பார்க்கட்டும். எல்லோரும் உண்டு மிஞ்சியதை உண்பவள் அவள்தானே. பயறு, முருங்கையிலை, நெத்தலி, முட்டை அவளுக்கும் முதலிலேயே பரிமாறப்படட்டும். குடும்பநல உத்தியோகத்தர் தரும் போலிக் அமிலக் குளிகையைக் கருத்தரிக்க முன்னரே அவள் எடுக்கத் தொடங்கட்டும்.