ஏரேட்டர் போட்டால் பாசி போய்விடுமா?

‘‘எங்கள் ஊர்க் குளத்தில் தெருச் சாக்கடை கலக்கிறது. இரண்டு வருடங்களாகத் தண்ணீர் பச்சைப்பசேலென்று கிடக்கிறது. விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. இறால் பண்ணையில் ஓடும் ஏரேட்டரைப் போட்டால் பாசி போய்விடும் என்கிறார்கள். ஊர்ப் பணத்தில் வாங்கலாமா?’’

- வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்.

மீனுக்காக என்றால் வாங்கலாம். பாசிக்காக என்றால் அவசரம் வேண்டாம்.

இரவில் பாசியும் சேறும் சேர்ந்து தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துவிடுகின்றன. அதனால்தான் விடிகிற நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. நள்ளிரவு முதல் சூரியன் வரும்வரை ஏரேட்டர் ஓடினால் மீன் பிழைக்கும், நாற்றமும் குறையும்.

பாசி விஷயம் வேறு. அதற்குச் சாப்பாடு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். சாக்கடையோடும், வயலில் போட்ட டி.ஏ.பி. கரைந்த மழைநீரோடும் வந்து, வருடக்கணக்கில் சேற்றில் படிந்திருக்கிறது. ஆக்ஸிஜன் இருக்கும்வரை சேற்றில் உள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்ஸிஜன் தீர்ந்தால் இரும்பு கரைந்து பிடியை விட்டுவிடும். காற்றை ஊதினால் பிடி திரும்பும் என்ற கணக்கு இங்கிருந்து வந்ததுதான். தப்பான கணக்கு இல்லை. ஆனால், ஊதும் காற்று சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குத்தான் இறங்கும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேற்றில், இரும்பைக் கந்தகம் கட்டிக்கொள்கிறது. மணிச்சத்தைப் பிடிக்க இரும்பு மிச்சமிருக்காது. போதாக்குறைக்கு, ஆழமில்லாத குளத்தில் துடுப்புச் சக்கரம் சேற்றைக் கலக்கினால் பாசிக்கு விருந்துதான்.

சுவிட்சர்லாந்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். செம்பாக், பால்டெக் ஏரிகளைச் சுற்றிப் பன்றி, மாட்டுப் பண்ணைகள் அதிகம். எரு வழிந்து ஏரிக்குள் போனது. 1984-ல் செம்பாக்கில் மீன்கள் கூட்டமாகச் செத்தன. 1980-களின் முதல் பாதியிலிருந்து இரண்டு ஏரிகளின் அடியிலும் ஆக்ஸிஜன் செலுத்தினார்கள். பத்து வருட விவரங்களை வைத்து கெக்டர், வெர்லி என்ற ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட முடிவு: சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளிவருவது குறையவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்தது, 1986-ல் சலவைத்தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தது என்று வரத்தை அடைத்த பிறகே ஏரித் தண்ணீரில் பாஸ்பரஸ் இறங்கியது.

ஆகவே, ஊர்ப் பணத்தை முதலில் வாய்க்காலில் போடுங்கள். சாக்கடை குளத்தில் இறங்குமுன் ஒரு தொட்டியில் தேங்கித் தெளிந்து, கல்வாழைப் படுகை வழியாகத் தென்னைக்குப் போகட்டும். கோடையில் குளம் வற்றியதும், வட்டாட்சியர் அனுமதி பெற்றுத் தூர்வாருங்கள். பாசியின் சேமிப்புக் கிடங்கே அந்தச் சேறுதான். மண் பரிசோதனை செய்து வயலில் போட்டால், அந்த அளவுக்கு டி.ஏ.பி. மிச்சம். பட்டறைக் கழிவோ சாயக் கழிவோ கலந்த சேறாக இருந்தால் வயல் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

அதுவரை, பெயின்ட் கொட்டியதுபோல் ஆடை படர்ந்திருக்கும் நாட்களில் ஆடு, மாடுகளைக் குளத்தில் விடாதீர்கள். அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. நெல்லுக்கு உரமாகப் போடுவதன் சொந்தக்காரன்தான் என்றாலும், குளத்தில் வளரும் சில வகைகள் ஈரலைக் கெடுக்கும் விஷத்தைச் சுரக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது.